முடியை நம்பிய கை

விலங்கியலில் பட்டம் வாங்கி, வேலை தேடி அலுத்துப்போய், கடைசியில் ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் சேர்ந்தேன். உப்புப் போட்டு வரும் ஆட்டுத் தோல்களை வெள்ளாடு ஒரு பக்கம், செம்மறி ஒரு பக்கம் என்று பிரிக்கும் வேலை. உயிரினங்களின் வகைப்பாட்டைப் பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று எனக்கு இளக்காரம்.

பக்கத்து மேசையில் பள்ளிகொண்டாவிலிருந்து பஸ்ஸில் வருகிற ஒருவன், என் வயதுக்காரன். பத்தாவது ஃபெயில். ஒவ்வொரு தோலையும் புரட்டி, கசக்கிப் பார்த்துத்தான் போடுவான். நான் முடியை மட்டும் பார்ப்பேன். சுருள் கம்பளி இருந்தால் செம்மறி, நேர்முடி என்றால் வெள்ளாடு. நம் பக்கத்துச் செம்மறிக்குக் கம்பளியே கிடையாது என்பதை, தினம் மந்தையைப் பார்த்து வளர்ந்த நான் யோசிக்கவே இல்லை.

சுண்ணாம்புத் தொட்டியில் முடி கழன்று, தோலின் மேல்வரி தெரிந்ததும் குட்டு வெளிப்பட்டது. ஷூவுக்குப் போகவேண்டிய வெள்ளாட்டுத் தோலில் பாதி செம்மறி. செம்மறித் தோலுக்கு உறுதி குறைவு, ஷூவாகத் தைத்தால் கிழிந்துவிடும்.

மேஸ்திரி நேராகப் பக்கத்து மேசைக்காரனிடம் போனார். "இன்னாப்பா இது? டிகிரி படிச்சவன் இப்டி பண்ணுவானா? உன் வேலதான். நாளைலருந்து வராத."

அவன் ஏப்ரனை அவிழ்த்தான்.

அப்போதுதான் எனக்குப் பாடம் உறைத்தது. நேர்முடி, இரண்டு ஆட்டுக்கும் பொதுவான மூதாதையிடமிருந்து வந்தது. கம்பளி பிற்பாடு, செம்மறியின் சில கிளைகளில் மட்டும் வந்தது. இருவருக்கும் வந்த பரம்பரைச் சொத்தை வைத்து ஒருவரை மட்டும் எப்படி அடையாளம் காண்பது? இதை எழுதித்தான் நல்ல மார்க் வாங்கினேன். படிப்பு கைக்கு வரவில்லை, சரி. உண்மை வாய்க்கும் வரவில்லையே என்று என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

அவன் வாசலைத் தாண்டும்போது சொல்லிவிட்டேன். "மேஸ்திரி, அது நான் பிரிச்சது."

மேஸ்திரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவனைக் கூப்பிட்டார். "இவன் பிரிக்கறத நீ ஒரு வாட்டி பாத்துட்டு அனுப்பு."

மேசைக்குத் திரும்பியதும் அவனிடம் கேட்டேன். "நான் பண்ணதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்பறம் ஏன் வாய மூடிக்கினு போன?"

"எனக்குத் தோல் தெரியும், எந்தக் கம்பெனிலயும் எடுத்துப்பாங்க. உன்ன யார் எடுப்பாங்க?"

கிண்டலாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, ஒரு தோலைப் புரட்டி என் பக்கம் தள்ளினான்.