கெர்லிங் மலைப்பாதையில் ஒரு காவல்

மலேசியாவின் கெர்லிங்கில் ரப்பர் தோட்டம் முடிந்து காடு தொடங்கும் இடத்தில்தான் எனக்குப் பிடித்த மலைப்பாதை ஏறுகிறது. முதுகில் பையுடன் நான் தனியாக வருவதைக் கண்டு, பால்மரம் சீவிக்கொண்டிருந்த அக்கா ஒருவர் கத்தியோடு ஓடி வந்து வழியை மறிக்கிறார்.

"யாரோட ஓடுறே? மேல எவன் காத்திருக்கான்?"

"யாரும் இல்லக்கா. நான் டீச்சர். சும்மா மலை ஏறிப் பாக்கப் போறேன்."

அவர் முகம் வெளுக்கிறது. "யாருமே இல்லாத காட்டுக்கா? சாகப் போறியா, தாயி?"

எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். ஆசைப்பட்டு மலையேறுகிறவளும் நான்தான். அம்மாவுக்கே இதை விளக்க முடிந்ததில்லை. "இந்த வழியாவே திரும்பி வரேன்" என்று கையடித்துச் சத்தியம் செய்த பிறகுதான் அக்கா வழிவிடுகிறார்.

மதியம் இறங்கி வருகிறேன். பால் சீவும் மற்றவர்கள் எல்லாம் தங்கள் வரிசை வீடுகளுக்கு, லயத்துக்குப் போய்விட்டார்கள். அவர் மட்டும் காலி வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருக்கிறார்.

"வந்துட்டியா! அப்படி என்னதான் இருக்கு மேல?"

"உங்க லயம் தெரியுதுக்கா. கடைசி வீட்டு வாசல்ல மஞ்சள் சேலை ஒண்ணு காயுது."

"அடியே, அது என்னுது!"

எழுந்து நின்று உச்சியை அண்ணாந்து பார்க்கிறார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்: "சேலை கட்டிக்கிட்டு ஏற முடியுமா லா?"