நான் கேட்ட காரும் அல்லாஹ் தந்த காரும்

சகோதர சகோதரிகளே, உங்கள் எல்லார் வீட்டிலும் இறைவனின் சாந்தி நிலவட்டும். எனக்கு மேடைப் பேச்சு வராது. விருதுநகரில் மல்லி, மிளகாய் வத்தல் வியாபாரம். ஊரில் கோபக்காரன் என்று பெயர். இருந்தாலும் இதைச் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவனாகிவிடுவேன்.

போன வருஷம் என் மனைவி சபுராவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் மதுரைக்குப் போய் டயாலிசிஸ் செய்ய வேண்டும். பஸ்ஸில் போக அவள் உடம்பு ஒத்துழைக்கவில்லை. வாடகைக் கார் பிடித்தோம். ஒரு நாள் கள்ளிக்குடி பக்கத்தில் அது நடுரோட்டில் நின்றுவிட்டது. வெயிலில் இரண்டு மணி நேரம் கிடந்தோம். ஆஸ்பத்திரியில் அவளுடைய முறை போய்விட்டது. மறுநாள் கால் வீங்கி, மூச்சு விட முடியாமல் தவித்தாள்.

"இனிமே என்னைய இழுத்துக்கிட்டு அலையாதீங்க. எனக்குப் போதும்" என்றாள். நான் கடைக்குப் போய் ஷட்டரை இறக்கிவிட்டு அழுதேன்.

நடுவழியில் நிற்காத ஒரு கார் வேண்டும். புதிது வாங்க வசதி இல்லை. புரோக்கர் ஒருவர் வெள்ளைக் கார் ஒன்றைக் காட்டினார். அதிகம் ஓடாத வண்டி. உள்ளே புது மேட், செண்டு வாசம். பார்த்ததுமே மயங்கிவிட்டேன். இஸ்திகாரா தொழுதேன். நல்லதென்றால் எளிதாக்கு, கெட்டதென்றால் விலக்கிவிடு என்று முடிவை இறைவனிடமே விடுகிற தொழுகை அது. உண்மையைச் சொல்கிறேன், நான் முடிவை விடவில்லை. 'யா அல்லாஹ், இந்தக் காரை முடித்துக் கொடு' என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

மறுநாள் மாலை ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். பக்கத்தில் புரோக்கர், பின்சீட்டில் சபுரா. சிவகாசி ரோட்டில் ஆமத்தூர் தாண்டியதும் ஒரு பெண் பஸ்ஸை விட்டுவிட்டு நின்றிருந்தாள். "பாவங்க, ஏத்திக்கிருவோம்" என்றாள் சபுரா. பேர் பேச்சியம்மாள், பட்டாசுக் கம்பெனியில் வேலை என்று சொன்னாள். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் ஏறினாள். பட்டாசு மருந்து கலக்கும் அறைக்குள் செருப்போடு நுழையக் கூடாது என்பது அவர்களுக்கு ஊறிப்போன பழக்கம்.

உட்கார்ந்தவள் வெறுங்காலை மேட்டின் ஓரத்தில் தேய்த்துப் பார்த்தாள். குனிந்து மேட்டைத் தூக்கினாள். விரலால் தொட்டு மோந்தாள்.

"பாய், இஞ்சின அணைங்க. அக்காவ மொதல்ல இறக்குங்க."

எனக்குச் சுள்ளென்று கோபம் ஏறியது. "ஏத்துனதுக்கு எங்களுக்கே உத்தரவா?" என்றேன். ஆனாலும் இஞ்சினை அணைத்தேன். அவள் சபுராவைக் கைத்தாங்கலாக இறக்கி, தள்ளி ஒரு புளியமரத்தடியில் உட்கார வைத்தாள். அதற்கப்புறம்தான் விரலைக் காட்டினாள். வெள்ளிப்பொடி மாதிரி மின்னியது.

"பட்டாசு மருந்து லோடு அடிச்ச வண்டி இது. கலந்த மருந்து சிந்தியிருக்கு. சீட்டுக்கடியில ஒயர் போகுது, ஒரு பொறி போதும். இதுலயா நோயாளிய வச்சுக் கூட்டிப் போகப் போறீக?"

புரோக்கருக்கு முகம் வெளுத்துவிட்டது. "சத்தியமா எனக்கே தெரியாது தாயீ. தண்ணி விட்டுக் கழுவிருவோம்" என்றார்.

"தண்ணி படவே கூடாது. பட்டாச் சூடேறும். எங்க போர்மேனக் கூப்பிடுறேன்" என்று போனை எடுத்தாள். அப்படி ஒரு நிதானத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

அரை மணி நேரத்தில் போர்மேன் ஒரு பழைய நீலக் காரில் ஆட்களோடு வந்தார். வெள்ளைக் காரை அவர்கள் பொறுப்பில் விட்டுவிட்டு எங்களை வீட்டுக்குக் கொண்டுவிடக் கிளம்பினார். பேச்சியம்மாளும் கூட வந்தாள். "அண்ணே, இந்த வண்டியக் குடுக்கணும்னு சொன்னீகள்ல?" என்று அவள்தான் பேச்சை எடுத்தாள்.

"குடுக்கத்தான் போறேன். ஏசி சரியா வராது. மழை பேஞ்சா இடது கதவு ஒழுகும். ஆனா ஒரு நாளும் என்னைய ரோட்டுல நிறுத்துனதில்ல" என்றார் அவர்.

விற்கிறவரே குறையை முதலில் சொல்லி நான் அன்றுதான் கேட்டேன். மட்ட வத்தலை மூட்டைக்கு அடியில் போட்டு விற்றவன் நான். வெட்கமாக இருந்தது. மெக்கானிக்கிடம் காட்டி, அந்த நீலக் காரையே வாங்கினேன்.

ஏழு மாதம் ஆகிறது. ஒரு நாள்கூட சபுராவின் சிகிச்சை தவறவில்லை. இப்போது என் கடையில் மூட்டையைத் தலைகீழாகக் கொட்டிக் காட்டித்தான் விற்கிறேன். மாரியம்மனைக் கும்பிடுகிற பேச்சியம்மாளுக்காக ஐந்து வேளைத் தொழுகையிலும் துஆ கேட்கிறேன். வேண்டாம் என்று எனக்குச் சொல்வதற்கு ரப்பு, என்னைப் படைத்தவன், ஒரு தீப்பொறியை அனுப்பியிருக்கலாம். அவளை அனுப்பினான்.

நீங்களும் கேளுங்கள். முடிவை நீங்களே எழுதிவைத்துக்கொண்டு அவனிடம் கையெழுத்து மட்டும் கேட்காதீர்கள். என்னைப் போல அரைகுறையாகக் கேட்டவனையே அவன் கைவிடவில்லை.

போன வெள்ளிக்கிழமை மதுரை ரோட்டில் கொஞ்சம் வேகமாகப் போனேன். சபுரா என் தோளைத் தட்டினாள். "மெதுவாப் போங்க. நான் இன்னும் ரொம்ப வருஷம் இருக்கணும்" என்றாள்.

அல்ஹம்துலில்லாஹ்.