நிண்டாலும் ஒயில் பழுதாகும்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினருக்கும் நண்பருக்கும் வணக்கம். எங்கள் அப்பா உரும்பிராயில் ஒரு கமக்காரக் குடும்பத்தின் மூத்த மகனாகப் பிறந்தார். தகப்பனைச் சிறுவயதிலேயே இழந்தவர். வெங்காயமும் புகையிலையும் செய்து, தங்கைமார் இருவரையும் கரைசேர்த்த பிறகே தாம் கல்யாணம் செய்துகொண்டார். பிள்ளைகள் நாங்கள் இருவர், அண்ணையும் தங்கை நானும். ஒரு நல்ல விளைச்சலில் பழைய மொறிஸ் மைனர் கார் வாங்கினார். அயலில் பிள்ளைப்பேறு என்றாலும் செத்தவீடு என்றாலும் அந்தக் கார்தான் போகும்.

மூவாயிரம் மைலுக்கு ஒருமுறை எஞ்சின் ஒயில் மாற்றுவார். அவ்வளவு ஓடாவிட்டால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. அதில் பிசகமாட்டார். "நாளைக்கெண்டு தள்ளினால் நாளைக்கும் தள்ளுவாய்" என்பார். பிடிவாதக்காரர். மலரில் நல்லதை மட்டும் எழுது என்கிறார்கள். பிடிவாதத்தை விட்டு எழுதினால் அது எங்கள் அப்பா இல்லை.

சண்டைக் காலத்தில் ஒருநாள் காலை அண்ணை, பருத்தித்துறையில் சிநேகிதன் வீட்டுச் செத்தவீட்டுக்கு வெளிக்கிட்டார்.

"அப்பா, காரைக் கொண்டு போகட்டே?"

"ஒயிலை இறக்கிப்போட்டன். பஸ்ஸிலை போ."

"ஓம், போயிட்டு வாறன்."

வழியில் பஸ்ஸை மறித்து, விசாரணை என்று அவரை இறக்கிக் கொண்டுபோனதாகக் கூட வந்தவர்கள் சொன்னார்கள். அதன்பின் அண்ணையைக் கண்டவர் இல்லை. அப்பா போய் நிற்காத வாசல் இல்லை.

நாங்கள் யாரும் அவரைக் குறை சொன்னதில்லை. அவரே சொல்லிக்கொண்டார். காரை அதன்பிறகு ஓட்டவே இல்லை. ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒயிலை மாற்றினார். பாதை பூட்டிச் சாமான் வராமல் கிடந்த காலத்தில் அந்த ஒயிலுக்காக யாழ்ப்பாணம் முழுக்க அலைந்தார். அம்மா ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டார், "ஓடாத காருக்கு என்னத்துக்கப்பா ஒயில்?"

"நிண்டாலும் ஒயில் பழுதாகும். அவன் வந்து ஸ்டார்ட் பண்ணேக்கை எஞ்சின் இறுகியிருக்கக் கூடாது."

அம்மா காலமானபோது மரண அறிவித்தலை எழுதிய மாமா, அண்ணையின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போட்டார். அப்பா அதை வெட்டினார். "ஆர் கண்டது?" என்று மட்டும் கேட்டார்.

கடைசி மாதங்களில் நெஞ்சுவருத்தத்தால் அவருக்குக் குனிய முடியவில்லை. ஆஸ்பத்திரியில் என்னுடன் கதைத்த கடைசிக் கதையும் அதுதான்.

"பிள்ளை, ஒயில் மாத்திற மாதமாச்சு."

"ஓம் அப்பா, நான் மாத்திறன்."

அவருக்குக் கொள்ளி வைத்தது என் மகன். அண்ணை செய்யவேண்டிய கடமை அது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முன், நானே காருக்கடியில் படுத்து ஒயிலை இறக்கினேன். ஓடாத எஞ்சினில் அது கறுக்கவில்லை. ஊற்றிய நிறத்திலேயே வந்தது. புதியதை ஊற்றி மூடினேன். அண்ணை வருவார் என்று நான் நம்பவில்லை.

அப்பாவைப் பராமரித்த தாதிமாருக்கும், பந்தல் போட்டுச் சமைத்துத் தந்த அயலவருக்கும், தூர இடங்களிலிருந்து வந்து தோள்கொடுத்தவர்களுக்கும் எங்கள் நன்றி. இந்த மலரிலும் அண்ணையின் பெயருக்கு முன்னால் அந்தச் சொல்லைப் போடச் சொன்னார் மாமா. கோபிக்க வேண்டாம் மாமா, நான் போடவில்லை.

இப்படிக்கு,
மகன், மகள்