பதினோரு கிலோ சோறு: அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்குத் திரும்பிப் போன நாள்

பள்ளிகளில் குப்பையைப் பிரித்து மறுசுழற்சிக்கு அனுப்பவும், மதிய உணவில் மிஞ்சுவதை உரமாக்கவும் ஏற்பாடு செய்து தரும் ஒரு சிறிய அமைப்பில் மூன்று ஆண்டுகளாக வேலை செய்கிறேன். மதுரையைச் சுற்றிப் பன்னிரண்டு பள்ளிகள். தங்கள் ஊரில் இதைத் தொடங்க நினைக்கும் சிலர், எந்தப் பள்ளியைப் போய்ப் பார்க்கலாம், எப்படிப் போவது என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். வழி சொல்கிறேன். ஆனால் அங்கே நான் கடைசியாகப் போனது சுற்றிக் காட்டுவதற்காக அல்ல.

சென்ற ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை முத்துராக்கு தொலைபேசியில் அழைத்தார். அலங்காநல்லூரைத் தாண்டி உள்ள ஒரு நடுநிலைப் பள்ளியில் ஒன்பது ஆண்டுகளாகச் சத்துணவு சமையலர். எங்கள் திட்டம் நடக்கும் பள்ளி அது.

"மேடம், எனக்கு மெமோ வந்துருக்கு. சோறு நல்லா ஆக்கலையாம், அம்புட்டும் தொட்டிக்குப் போகுதாம். ஒங்க நோட்டுல எழுதியிருக்காம்ல, அதத்தான் காட்டுறாக."

வெள்ளிக்கிழமைக்குள் அவர் பதில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குள்ளாகவே வாடிப்பட்டிச் சாலையில் இன்னொரு ஊருக்குத் தற்காலிகமாக மாற்றிவிட்டார்கள். பதில் சரியில்லை என்றால் வேலை போகும். மகள் நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். என்னிடம் அவர் கேட்டது ஒரு கடிதம்.

நோட்டு என்னுடையதுதான். பள்ளிக்கு ஒரு தொங்கு தராசும், மூடி போட்ட இரண்டு பச்சைத் தொட்டிகளும், வரிபோட்ட ஒரு நோட்டும் கொடுப்போம். மிஞ்சிய உணவைத் தினமும் எடை போட்டு எழுத வேண்டும். மாதம் ஒருமுறை நான் போய்க் குறிப்பு எழுதுவேன். மற்றப் பள்ளிகளில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று கிலோ வரும். இங்கே எண்பத்தாறு பிள்ளைகளுக்குப் பதினோரு கிலோ. "சாதத்தில் சுவை குறைவு, சமையலருக்குப் பயிற்சி தேவை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

மறுநாள், புதன்கிழமை, காலை 7.10க்குப் பழங்காநத்தத்தில் கிளம்பினேன். ஆரப்பாளையம் வரை ஆட்டோ, 130 ரூபாய். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. ஏழே முக்காலுக்கு மேல் கல்லூரிக் கூட்டம் ஏறும். உட்கார இடம் வேண்டும் என்றால் அதற்கு முன் போய்விடுங்கள். அலங்காநல்லூருக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. ஸ்டாண்டுக்கு வெளியே ஷேர் ஆட்டோ நிற்கும். ஆறு கிலோமீட்டர், இருபது ரூபாய். இருபுறமும் நெல் வயல், கொஞ்சம் கரும்பு. காலையில் பார்க்க அழகான சாலைதான். ரசிக்கும் மனநிலையில் நான் இல்லை.

ஆட்டோ ஓட்டியவருக்கு முப்பது வயதிருக்கும். எந்தப் பள்ளி என்று கேட்டார். சொன்னேன்.

"சத்துணவு ஆபீசரா?"

"இல்லை. குப்பைத் தொட்டி வைத்தோமே, அந்த ஆட்கள்."

"ஓ, பச்சைத் தொட்டி!" என்று சிரித்தார். "நல்ல காரியம் பண்ணீக மேடம். முந்தியெல்லாம் பிள்ளைக காம்பவுண்டுக்கு வெளிய எறிஞ்சுட்டு ஓடுங்க. பாக்குறவுகளுக்கு அசிங்கமா இருக்கும்ல. இப்ப மூடி போட்டு மரியாதையாக் கெடக்கு."

முத்துராக்கு சமையல் எப்படி என்று கேட்டேன்.

"நல்லாருக்கு, நல்லால்லன்னு சொல்ல ஒருத்தன் தின்னு பாத்துருக்கணும்ல," என்றார். "அந்தக் காலனிப் பிள்ளைக தின்னும். எங்க தெருப் பிள்ளைக வாங்குவாங்க, அம்புட்டுத்தான். வாங்க மாட்டோம்னு சொன்னா ஆபீசர் ஜீப்ப எடுத்துட்டு வந்துருவாரு. மூணு வருசம் முன்னாடி வந்து ஊரையே நிக்க வச்சுக் கேள்வி கேட்டாரு. அதுல இருந்து வாங்கிக்கிறது. வாங்குனதத் தின்னுதான் ஆகணும்னு சட்டம் இருக்கா?"

இருபது ரூபாயைக் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

நான் மதுரையில் பிறந்து வளர்ந்தவள். வருகிற மாசியில் நாற்பத்தொன்பது முடிகிறது. முதுகலை வரை படித்தேன். இது எனக்குத் தெரியாது என்று சொன்னால் யாரும் நம்ப வேண்டியதில்லை. அந்த நோட்டிலேயே இருந்தது. பள்ளி வாசலில் நின்று கைப்பேசியில் இருந்த அதன் படங்களைப் பார்த்தேன். சாதம் பதினொன்று, பத்தரை, பதினொன்றே கால். முட்டை எல்லா நாளும் பூஜ்யம். இந்தப் பள்ளியில் முட்டையை ஓட்டோடு கொடுப்பார்கள். பிள்ளைகளே உரித்துத் தின்றுகொள்ள வேண்டும். ஓட்டுக்குள் சமையல்காரரின் கை படாது. ஆறு மாதம் அந்தப் பூஜ்யத்தை வரிசையாகப் பார்த்துவிட்டு, "முட்டை பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது" என்றும் எழுதி வைத்திருந்தேன்.

தலைமையாசிரியர் நல்ல மனிதர் என்று பெயர் எடுத்தவர். என்னை நேராக உரக்குழிக்கு அழைத்துப் போனார். பன்னிரண்டு பள்ளிகளிலும் இதுதான் சிறந்த குழி. கறுப்பாக, பொலபொலவென்று, வாடையே இல்லாத மண். அதைச் சுற்றிக் கத்தரியும் வெண்டையும் காய்த்துக் கிடந்தன. இந்த ஆண்டு அறிக்கையின் அட்டைக்கு இதைத்தான் படமெடுத்துக் கொடுத்திருந்தோம்.

"இப்ப பாருங்க மேடம்," என்று நோட்டைத் திறந்தார். புதிய சமையலர் வந்து பன்னிரண்டு நாள். சாதக் கழிவு எண்ணூறு கிராம், அறுநூறு கிராம், தொள்ளாயிரம். "ஒங்க திட்டம் சக்சஸ். இத ஒரு கட்டுரையா எழுதணும் நீங்க."

அரிசி அதே அரிசியா என்று கேட்டேன். அதே அரிசி. பருப்பும் எண்ணெயும் அதேதான். அன்று சமைத்ததை வாங்கிச் சாப்பிட்டேன். சோறு நடுவில் வேகவில்லை, சாம்பாரில் உப்பு தூக்கல். பிள்ளைகள் தட்டை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சார், காரணம் உங்களுக்குத் தெரியும்," என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "தெரியும் மேடம். எழுத்துல கொண்டு வந்தா யாருக்கு லாபம்? போலீஸ் வரும், டிவி வரும், நாளைக்கு இங்க ஒரு பிள்ள வராது. அந்தம்மாவுக்கும் அங்க நிம்மதி. நீங்க எழுதுனது நமக்கு ஒரு நல்ல வழி காட்டுச்சு. சுவை சரியில்லன்னா யாரு மனசும் புண்படாதுல்ல."

அவர் மனதில் முத்துராக்கு அந்த 'யாரும்' என்பதில் இல்லை. அதை அவரிடமே சொல்லியிருக்க வேண்டும்.

மதியம் 12.50க்குக் கிளம்பினேன். அலங்காநல்லூரில் இருந்து வாடிப்பட்டி பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம் காத்திருக்க நேரலாம்; தண்ணீர் எடுத்துப் போங்கள். காத்திருந்த நேரத்தில் கடிதத்தை எழுதி முடித்தேன். 2.20க்கு, முத்துராக்குவை மாற்றியிருந்த ஊரின் சத்துணவுக்கூடத்துக்குப் போனபோது அவர் அண்டா கழுவிக்கொண்டிருந்தார். இங்கே அவரைச் சமைக்க விடவில்லை. காய் நறுக்குவதும் பாத்திரம் கழுவுவதும் அவர் வேலை.

கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் கடிதத்தை வாங்கினார். பத்தாவது வரை படித்தவர். நிதானமாகப் படித்தார்.

"'சில சமூகக் காரணங்களால்'னு போட்டுருக்கீங்க. அது என்ன காரணம் மேடம்?"

"அதிகாரிகளுக்குப் புரியும்."

"எனக்குப் புரியலையே. என்னையப் பத்தி எழுதுறப்ப 'சுவை குறைவு'ன்னு நேராத்தான எழுதுனீக? இதுக்கு மட்டும் என்ன சுத்தி வளைக்கிறது?"

கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

"ஒன்னு கேக்குறேன், கோவிச்சுக்காதீக. என் சோத்துல சுவை இல்லன்னு எப்படித் தெரிஞ்சுச்சு? ஆறு தடவ வந்தீக. ஆறு தடவையும் வீட்ல இருந்து டப்பா கொண்டாந்தீக. நான் வச்சுத் தரவான்னு கேட்டேன். வயிறு சரியில்லன்னீக. ஆறு தடவையுமா வயிறு சரியில்ல?"

எனக்கு அல்சர் உண்டு. வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. அது உண்மை. அன்று மதியம் புதிய சமையலரின் சோற்றை வாங்கிச் சாப்பிட்டதும் உண்மை. அவரிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. சொல்லியிருந்தாலும், அந்த ஊரில் சொல்லப்படும் பல காரணங்களில் அதுவும் ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

படியில் உட்கார்ந்து வேறு தாளில் எழுதினேன். முத்துராக்கு சமைத்த உணவை நான் ஒருநாளும் உண்டதில்லை, சுவை பற்றிய என் குறிப்புக்கு ஆதாரமில்லை, ஊர்த் தெருப் பிள்ளைகள் சமையலரின் சாதி காரணமாகச் சோற்றைக் கொட்டுகிறார்கள், முட்டைக் கணக்கைப் பாருங்கள், ஆள் மாறியதும் கழிவு குறைந்ததைப் பாருங்கள் என்று. முத்துராக்கு இரண்டு முறை படித்தார். "ம்," என்றார். "குடுக்குறேன்னு மட்டும் சொல்லாதீக மேடம். கொண்டுபோய்க் குடுங்க மொதல்ல."

ஒன்றிய அலுவலகத்தில் 4.35க்குக் கொடுத்தேன். எழுத்தர் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "தொட்டி குடுத்தது நீங்கதான? அப்ப இத மறுசுழற்சி ஃபைல்ல வச்சுரவா?" கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார். மெமோவுக்கான பதிலோடு வைக்கச் சொல்லி, முத்திரை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

இதைச் செய்யப் போகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். தராசு எதுவானாலும் பரவாயில்லை. சோற்றையும் குழம்பையும் முட்டையையும் தனித்தனியாக எடை போடுங்கள். யார் தட்டில் மிஞ்சுகிறது என்று நின்று பாருங்கள். சாப்பிடாமல் சுவையைப் பற்றி எழுதாதீர்கள். சாப்பிட முடியாத உடம்பு என்றால் அதை நோட்டில் எழுதுங்கள். கழிவு சட்டென்று குறைந்தால் கைதட்டுவதற்கு முன், அந்த வாரம் அங்கிருந்து யார் போனார்கள் என்று கேளுங்கள்.

மூன்று வாரம் கழித்து உத்தரவு வந்தது. சுவையில் கவனம் தேவை என்ற எச்சரிக்கையோடு மெமோ முடித்துவைக்கப்பட்டது. வேலை போகவில்லை. நிர்வாக நலன் கருதி மாற்றம் தொடரும். என் கடிதத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எங்கள் அமைப்பின் இந்த ஆண்டு அறிக்கையில் அந்தப் பள்ளிதான் முதலிடம். அதை எடுக்கச் சொல்லி எழுதினேன். அச்சுக்குப் போய்விட்டது என்றார்கள். முத்துராக்கு தினமும் காலை ஆறேகால் பஸ்ஸைப் பிடிக்கிறார். காய் நறுக்குகிறார், பாத்திரம் கழுவுகிறார். என்னை அதன்பின் அழைக்கவில்லை.