கடலுக்குள் கட்டிய கொட்டில்

இன்றும் வீதிக்குத் தார் ஊற்றும் மணம் வந்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். எங்கள் ஊரான விடத்தல்தீவில், இடுப்பளவு கடலுக்குள், தூண்டில் போட்டு மீன் பிடிக்க அப்பா கட்டிய கொட்டிலுக்கு அந்த மணம்தான். நட்ட பனங்கால்களைச் சேறு விழுங்க விழுங்க, அவர் பிடுங்கித் தார் பூசி மறுபடி நட்டுக்கொண்டேயிருந்தார். கிடுகால் கூரை வேய்ந்தார். பலகை போதாமல் எங்கள் வீட்டுக் கதவையே கழற்றித் தளமாகப் போட்டு, நடுவில் தூண்டில் இறக்க ஓட்டை வெட்டினார். வீட்டுக்குள் ஆடுகள் வந்துபோயின.

“நீங்கள் அங்கேயே போய் இருங்கோ,” என்றார் அம்மா.

“மீன் பட்டதும் புதுக்கதவு போடுறன்,” என்றார் அப்பா.

அடுப்பு, தண்ணீர்க்குடம், குந்தியிருக்க ஒரு கதிரை எல்லாம் ஏற்றி முடித்த கிழமையே, சண்டையைக் காட்டி, ஒருவரும் கடலில் இறங்கக்கூடாதென்று நேவி அறிவித்தது. அப்பா ஒவ்வொரு நாளும் கரையில் நின்று பார்த்தார். காற்று கிடுகைப் பிய்த்தது. நீர்க்காகங்கள் கொட்டிலில் குந்தியிருந்து, கடலில் மூழ்கி மூழ்கி மீன் பிடித்தன.

“அதுகளுக்கு ஒரு தடையும் இல்லை,” என்றார் அப்பா. அம்மாவுக்கு அன்று ஏசக்கூட மனம் வரவில்லை.

தடை நீங்குமுன் சண்டை நெருங்கி, நாங்கள் ஊரைவிட்டு வெளிக்கிட்டோம். அப்பா அந்தக் கொட்டிலில் இருந்து ஒரு மீன்கூடப் பிடிக்கவில்லை.