பாஸ்டரா, பாஸ்டரம்மாவா?

இறையியல் படிப்பில் ஒரு விசேஷம் உண்டு: உள்ளே போகும்போது நன்றாகத் தெரிந்திருந்ததெல்லாம், படிக்கப் படிக்கத் தெரியாமல் போய்விடும்.

என்னைப் போலவே பி.டி.எச். சேர்ந்துவிட்டு, வேதாகமத்தை ஒரு கையிலும் தலையை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சகோதர சகோதரிகளே, இது உங்களுக்காக எழுதுவது. மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: பி.டி.எச். என்றால் இறையியலில் இளங்கலை. நாலு வருடம். வேதாகமம், சபை வரலாறு, கிரேக்கம், எபிரெயம், பிரசங்கம் எல்லாம் உண்டு.

நான் ரூபி. ஊர் கவரைப்பேட்டை பக்கம். நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பி மில்லில் வேலை. நான் இரண்டு வருடம் தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனி பேக்கிங் செக்‌ஷனில் இருந்தேன். கம்பெனி பஸ், யூனிஃபார்ம், ஒன்றாம் தேதி சம்பளம், எல்லாம் ஒழுங்காக இருந்தது. அதை விட்டுவிட்டுத் திருவள்ளூரைத் தாண்டி இருக்கும் ஒரு சின்ன இறையியல் கல்லூரியில் போய்ச் சேர்ந்தேன். காரணம் எங்கள் சபை. எங்களுக்குச் சொந்தமாகப் பாஸ்டர் கிடையாது. வெளியூரிலிருந்து ஒருவர் மாதத்தில் இரண்டு ஞாயிறு வருவார். மற்ற ஞாயிறுகளில் யாருக்குத் தடங்கலில்லாமல் வாசிக்க வருமோ அவர்கள் எழுந்து வாசிக்க வேண்டும். பல ஞாயிறு அது நானாகவே இருந்தேன். அப்படி ஒரு நாள் வாசித்துவிட்டு உட்காரும்போது, நாமே ஏன் பாஸ்டர் ஆகக் கூடாது என்று மண்டைக்குள் ஏறிவிட்டது. ஏறினது இறங்கவே இல்லை.

கல்லூரியில் ஒரு விதி. கடைசி வருடம் முடியும்போது சொந்த சபை ஒரு லெட்டர் தர வேண்டும், இவரை எங்கள் ஊழியராக ஏற்றுக்கொள்கிறோம் என்று. அது இல்லாவிட்டால் கையில் சர்டிஃபிகேட் இருக்கும், நிற்க இடம் இருக்காது. நான் சேரும்போதே நைனா கறாராகச் சொல்லிவிட்டார்: "நாலு வருஷம் படி. சபை லெட்டர் குடுத்தா சர்ச்சு, குடுக்கலன்னா திரும்பவும் பேக்கிங். நடுவுல அழுதுகினு வந்து நிக்காத." அம்மா என் கம்பெனி டிபன் பாக்ஸைக் கழுவித் துடைத்துப் பரண்மேல் வைத்தாள்.

அழைப்பு

சேர்க்கைக்கு நேர்முகத் தேர்வு. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த சார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, ரொம்ப அன்பாக, "உங்களுக்கு அழைப்பு எப்போம்மா வந்தது?" என்றார். எனக்குக் கம்பெனி இன்டர்வியூ பழக்கம். பையிலிருந்து போனை எடுத்து, கால் லிஸ்ட்டைத் தள்ளித் தள்ளித் தேடி, "போன வியாழக்கிழமை சார், பதினொன்னு இருவது. லேண்ட்லைன் நம்பர்" என்றேன். ஓரத்தில் இருந்த மேடம் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஊழியத்துக்குக் கடவுள் கூப்பிடுவதைத்தான் அழைப்பு என்பார்கள். எனக்கு அது தெரியாமல் இல்லை, பதற்றத்தில் வாய் முந்திக்கொண்டது. பிறகு வகுப்பில் விசாரித்தால், ஒருத்தனுக்குக் காய்ச்சலில் அழைப்பு வந்ததாம், ஒருத்திக்குக் கனவில் வந்ததாம், இன்னொருத்தனுக்கு பைக்கிலிருந்து விழுந்தபோது வந்ததாம். எனக்குச் சொல்லிக்கொள்ள அந்த லேண்ட்லைன் நம்பரைத் தவிர ஒன்றும் இல்லை. நாலு வருடமும் இது உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. அன்றைக்கு அந்த சார் சிரிக்காமல் சொன்னது இதுதான்: "அந்தக் கால் நான் பண்ணதும்மா. நான் கேக்குறது வேற கால்."

மொட்டை மாடி

முதல் செமஸ்டர் லீவுக்கு ஊருக்கு வந்திருந்தேன். பக்கத்து வீட்டுத் தனம் அக்கா வாசலில் வந்து நின்று, "ரூபி, நீ பி.டி.எச். படிக்கிறியாமே, நைனா சொன்னாரு. எங்க ஊட்டு மாடிக்கு ஒரு தபா வந்து பாத்துட்டுப் போயேன்" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அக்கா வீட்டில் மாரியம்மன் படம்தான் மாட்டியிருக்கும். ஆனாலும் மாடியில் புது ரூம் கட்டுகிறார்களே, அதற்கு ஜெபம் பண்ணக் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். வேதாகமத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஏறினேன்.

மாடியில் வெயில் கொளுத்தியது. நான் கண்ணை மூடிக்கொண்டு, வீட்டுக்காரர், பிள்ளைகள், புது ரூம், யாரையும் விடாமல் ஐந்து நிமிடம் ஜெபம் பண்ணினேன். ஆமென் என்று கண்ணைத் திறந்தால், அக்கா கைப்பிடிச் சுவரில் எக்கிக் கீழே பார்த்து, "யோவ், படம் வந்துச்சா?" என்று கத்துகிறாள். "வர்ல!" என்று கீழேயிருந்து அவள் வீட்டுக்காரர் குரல். அப்போதுதான் என் முதுகுக்குப் பின்னால் இருந்த டி.டி.எச். டிஷ்ஷைப் பார்த்தேன். எனக்கு அதைத் திருப்பத் தெரியாது என்றதும் அக்காவுக்கு முகம் தொங்கிப்போய்விட்டது. "ஒரு டிஷ்ஷு திருப்பத் தெர்ல, அப்புறம் இன்னாத்துக்குமா கம்பெனி வேலைய வுட்டுட்டு அத்தப் படிக்கிற?"

நாலு ரிப்போர்ட்

இரண்டாம் வருடம்தான் உண்மையில் ஆடிப்போனேன். நாலு சுவிசேஷங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் படிக்க வேண்டும். ஒரே சம்பவத்துக்கு ஒருவர் எழுதியதை இன்னொருவர் விட்டிருப்பார். அதிகாலையில் இயேசுவின் கல்லறைக்குப் போன பெண்கள் யார் யார், அங்கே பார்த்தது யாரை, எல்லாம் புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் பண்ணின நாளிலிருந்து இது என் கண்ணில் படவே இல்லையே! எனக்குப் பயமாகவே இருந்தது. படிக்க வந்த இடத்தில், இருந்த விசுவாசத்தையும் தொலைத்துவிட்டு, சபைக்குப் போய் எதைப் பிரசங்கம் பண்ணுவது?

நடுவில் அழுதுகொண்டு வரக் கூடாது என்ற கண்டிஷனை மறந்து, நைனாவிடம் போய் அழுதேன். அவர் ஷிஃப்ட் முடிந்து வந்து, வாளித் தண்ணீரில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். முழுக்கக் கேட்டார். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "மில்லுல ஒரு ஆக்சிடென்ட் ஆச்சுன்னு வை, பாத்தவன் நாலு பேரும் நாலு மாதிரிதான் ரிப்போர்ட் எழுதுவான். நாலும் ஒரே மாதிரி இருந்துச்சுன்னா, ஆபீஸ்ல உக்காந்து ஒருத்தனே எழுதிக்கிறான்னு அர்த்தம்."

ஆடி மாத பஸ்

லீவு முடிந்து கல்லூரிக்குத் திரும்ப பெரியபாளையம் வழியாகத்தான் பஸ். ஆடி மாதத்தில் அந்தப் பக்கம் போனவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பஸ் முழுக்க மஞ்சள் புடவை, வேப்பிலை, பொங்கல் பானை. நடுவில் நான், மடியில் எபிரெய எழுத்து அட்டைகளோடு. மறுநாள் தேர்வு. வலமிருந்து இடமாக விரலை வைத்து முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் இருந்த அக்கா, மடியில் பானையோடு, வெகுநேரம் பார்த்துவிட்டு, "இன்னா பாஷைமா அது?" என்றாள். சாமி புத்தகத்தை முதன்முதலில் எழுதின பாஷை என்றேன். "உங்க சாமிக்குத் தமிழ் தெரியாதா?" என்றாள். தெரியுமே, தமிழில்தான் ஜெபம் பண்ணுகிறோம் என்றேன். அவள் பானையை இன்னொரு தொடைக்கு மாற்றி வைத்துக்கொண்டு என்னை ரொம்பப் பரிதாபமாகப் பார்த்தாள். "தமிழ் தெரிஞ்ச சாமிகிட்ட பேசறதுக்கு எதுக்குமா இவ்ளோ பேஜாரு?"

கன்னியம்மா வீடு

மூன்றாம் வருடம் வார இறுதி ஊழியத்துக்கு என்னை மணவாள நகருக்கு அனுப்பினார்கள். வீடு வீடாகப் போய்ப் பேச வேண்டும். அந்த வாரம் வகுப்பில் பாவத்தைப் பற்றிய உபதேசம் முடிந்திருந்தது. எனக்குச் சூடு ஆறவில்லை. கன்னியம்மா என்று ஒரு அக்கா, ஜெபக் கூட்டத்துக்குப் புதிதாக வர ஆரம்பித்தவள். அவள் கதவைத் திறந்ததும் திறக்காததுமாக, "அக்கா, இந்த உலகத்துல எல்லாருமே பாவம்" என்று ஆரம்பித்தேன். பாவிகள் என்று முடித்திருக்க வேண்டும். அதற்குள் கன்னியம்மா பிடித்துக்கொண்டாள்.

"கரெக்டா சொன்னமா. எல்லாருமே பாவம்தான். எங்க ஊட்டுக்காரரு, மூணு ஷிஃப்ட்டு, நின்னுகினே தூங்குறாரு, பாவம். எதிர் ஊட்டுப் பொண்ணு, புள்ளைய வுட்டுட்டு வேலைக்கு ஓடுது, பாவம். எங்க மாமியாரு, வாய் ஜாஸ்தி, ஆனா பாவம்." அவள் சொல்கிற பாவம் வேறு, நான் கொண்டுவந்த பாவம் வேறு. ஆனால் எங்கே போய்த் திருத்துவது? திருத்தினால் எது சரி என்று எனக்கே சட்டென்று சொல்லத் தெரியவில்லை. அவள் உள்ளே போய் ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். "நீயுந்தான் பாவம், இந்த வெயில்ல இத்தச் சொல்றதுக்கு நடந்து வந்துக்கிற."

மாப்பிள்ளைக்கு என்ன பேர்

கடைசி வருடம். லெட்டர் கேட்டு எங்கள் சபைக் கமிட்டி செயலாளர் சாலமோன் அண்ணன் வீட்டுக்குப் போனேன். நல்ல மனிதர். காபி கொடுத்தார். "ரொம்ப சந்தோஷம்மா, நீ பாஸ்டரம்மா ஆவறதுக்கு ஏத்த படிப்பு. நல்ல ஊழியக்காரப் பையனா பாத்துடலாம்" என்றார். உங்களுக்குத் தெரியாதது இல்லை, நம் பக்கத்தில் பாஸ்டரம்மா என்றால் பாஸ்டருடைய பெண்சாதி. படித்தாலும் படிக்காவிட்டாலும், கழுத்தில் தாலி ஏறின மறுநாள் அவள் பாஸ்டரம்மா.

"பாஸ்டரம்மா இல்லண்ணா, பாஸ்டர். நான்தான் பாஸ்டர்" என்றேன். எனக்குக் கோபம்தான், ஆனால் அவர் கேலி பண்ணவில்லை. உண்மையிலேயே குழம்பிப்போய், காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, விட்டத்தைப் பார்த்து யோசித்தார். ஒரு ஞாயிறு என் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டுக் கமிட்டியில் முடிவு பண்ணுகிறோம், தலைப்பு பாவம் என்றார். வாசல் வரை வந்து வழியனுப்பினார். செருப்பு போடும்போது பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டார்: "நீ பாஸ்டர்னா, நாளைக்கு உன் ஊட்டுக்காரர நாங்க இன்னான்னுமா கூப்புடுறது?"

காலி இடம்

அந்த ஞாயிறு வந்தது. பாவத்துக்குக் கிரேக்கத்தில் என்ன வார்த்தை, எபிரெயத்தில் எத்தனை வார்த்தை, எல்லாம் பதினோரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். பிரசங்க பீடத்தில் ஏறிப் பார்த்தால், முன் வரிசையில் கமிட்டி ஏழு பேரும் கையைக் கட்டிக்கொண்டு. கடைசி பெஞ்சில் நைனா. நைட் ஷிஃப்ட் முடிந்து மில் யூனிஃபார்மோடு நேரே வந்துவிட்டார். சுவரில் தலை சாய்ந்து வாய் லேசாகத் திறந்திருந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குக் கிரேக்கம் மறந்தது, எபிரெயம் மறந்தது. பதினோரு பக்கத்தில் ஒரு வரிகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை.

"நம்ம எல்லாருமே பாவம்" என்று ஆரம்பித்துவிட்டேன். நிறுத்த முடியவில்லை. கன்னியம்மா சொன்னதைச் சொன்னேன். நின்றுகொண்டே தூங்குகிறவர்களைச் சொன்னேன். தப்பு பண்ணுகிறவனும் பாவம், அதில் மாட்டிக்கொண்டவனும் பாவம், நம்மை இரண்டு விதமாகவும் பார்க்கத் தெரிந்த ஒருவர் இருக்கிறார் என்று சொன்னேன். "என்னைச் சேத்துக்கிறதா வேணாமான்னு முழிச்சுக்கினு இருக்கிற கமிட்டியும் பாவம், இங்க நின்னுகினு நடுங்குற நானும் பாவம்" என்றபோது சபை சிரித்தது. இரண்டு அக்காக்கள் கண்ணைத் துடைத்தார்கள். இது உபதேசப்படி சரியா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. எங்கள் சார் கேட்டிருந்தால் பாதி மார்க் கூடப் போட்டிருக்க மாட்டார்.

ஆராதனை முடிந்து எல்லோரும் டீ குடிக்கும்போது கமிட்டி உள்ளறையில் பேசியது. பரண்மேல் இருக்கும் டிபன் பாக்ஸ்தான் என் கண்ணில் நின்றது. சாலமோன் அண்ணன் வெளியே வந்து ஒரு காகிதத்தை நீட்டினார். ஏற்றுக்கொள்கிறோம் என்று இருந்தது! ஏழு கையெழுத்தும் இருந்தது. ஆனால் என் பேருக்கு முன்னால் ஒரு விரல் நீளத்துக்கு இடம் காலி. அண்ணன் தலையைச் சொறிந்தார். "பாஸ்டர்னு போட்டா ஆம்பளையான்னு கேப்பாங்க, பாஸ்டரம்மான்னு போட்டா ஊட்டுக்காரர் எங்கன்னு கேப்பாங்க. அதுல எங்களுக்குள்ள ஒத்து வர்லமா. அதான் அத்த மட்டும் வுட்டுட்டோம்."

காகிதத்தைப் பிடித்துக்கொண்டு படியிலேயே நின்றேன். சந்தோஷப்படுவதா, சண்டைக்குப் போவதா, ஒன்றும் புரியவில்லை. நைனா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, லெட்டரை வாங்கி, மேலிருந்து கீழ் வரை விரல் வைத்துப் படித்தார். காலி இடத்தில் விரல் நின்றது. சட்டைப் பையிலிருந்து மில் பேனாவை எடுத்தார். தூணில் காகிதத்தை வைத்து, அழுத்தி, எழுத்துக் கூட்டி எழுதினார்: பாஸ்டர். ஊதிக் காயவைத்து என் கையில் கொடுத்தார். நான் அழுதுகொண்டுதான் வாங்கினேன். அண்ணன் ஏதோ சொல்ல வந்தார், நைனா திரும்பிப் பார்த்து முந்திக்கொண்டார்: "ஃபார்ம்ல எடம் காலியா வுட்டா எங்க சூப்பர்வைசரு திருப்பி அனுப்பிடுவாருண்ணா."

ஆகவே சகோதர சகோதரிகளே, உனக்கு அழைப்பு எப்போது வந்தது என்று இனி யாராவது கேட்டால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, நீல மையில் வந்தது என்று தைரியமாகச் சொல்லிவிடுவேன், அது கடவுள் கையெழுத்தா நைனா கையெழுத்தா என்று மட்டும் என்னைக் கேட்டுவிடாதீர்கள்.