முதலில் எப்போது வந்தது?

“தனலட்சுமி போயிட்டாங்க” என்று போன் வந்தபோது பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். யார் சொன்னது, நேரில் பார்த்தீர்களா என்று குறுக்குக் கேள்வி கேட்டேன். அவரைப் பற்றி அரியலூரில் கிளம்பும் பேச்சு எதையும் நான் லேசில் நம்புவதில்லை. இது மட்டும் உண்மையாகிவிட்டது.

உடையார்பாளையத்தில் பிறந்து அரியலூரில் வாழ்க்கைப்பட்டவர். சுண்ணாம்புக்கல் லாரிகளை நிறுக்கும் எடை மேடையில் எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. எந்த டிரைவர் எகிறினாலும், “அண்ணே, இன்னொருக்கா வண்டிய ஏத்துங்க” என்று சிரித்தபடி சொல்வார். மறுபேச்சு இருக்காது.

மகள் பிறந்து சில வருடங்களில் அவருக்குக் கால் மரத்தது. எழுத்தெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. திருச்சி டாக்டர், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்பின் உறையைக் கெடுக்கும் நோயாம். பெரும்பாலும் இளவயதில் தொடங்குமாம். துணைக்குப் போன நான் சுண்ணாம்புத் தூசிமேல் பழி போட்டேன். “அப்படி உறுதியாச் சொல்ல முடியாதும்மா” என்றவர், சின்ன வயதில் போதிய வெயில் பட்டதா, வீட்டில் யாரும் சிகரெட் பிடிப்பார்களா, தொண்டை வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று கேட்டுக்கொண்டே போனார். பிறகு, “முதல்ல எப்ப வந்துச்சு?” என்றார்.

கூட வந்த மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“கல்யாணத்துக்கு அப்புறம்தான் சார்.”

வெளியே வந்ததும் தனலட்சுமி என் காதில், “முந்திரித் தோப்பே கதின்னு வளந்தவளுக்கு வெயில் பத்தலையாம்க்கா! டாக்டர் வெயிலச் சந்தேகப்படுறாரு, எங்க அத்தை என்னையச் சந்தேகப்படுறாங்க. டாக்டரே தேவலாம்” என்றார்.

நோயை மறைத்துத் தங்கள் தலையில் கட்டிவிட்டதாக மாமியார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். எனக்கும் சந்தேகம் இருந்தது. தனலட்சுமியிடமே கேட்டுவிட்டேன். பத்தொன்பது வயதில் ஒரு கண் மங்கி, தானாகத் தெளிந்ததாம். “அடிப்பாவி, டாக்டர்கிட்டயாவது சொல்லக் கூடாதா?” என்று கத்தினேன். அடுத்த முறை தனியாகப் போய்ச் சொன்னோம். அதுவே தொடக்கமாக இருக்கலாம் என்றார் டாக்டர். “வூட்ல சொல்லிடாதீங்கக்கா” என்றார் தனலட்சுமி. ஏன் என்றதற்குப் பேச்சை மாற்றினார். வாழாவெட்டியாகத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயப்படுகிறார் என நினைத்தேன்.

நோய் முற்றிப் படுக்கையில் கிடந்தவரைக் கடைசியில் நெஞ்சில் கட்டிய சளி கொண்டுபோனது. உடலைக் கிடத்தியிருக்கையில் மாமியார் என் கையைப் பிடித்தார். “இப்பவாவது சொல்லும்மா. முதல்ல எப்ப வந்துச்சு?” நாளைக்குப் பேத்தியைப் பெண் கேட்டு வருகிறவர்களும் துருவுவார்களாம்.

நான் வாய் திறப்பதற்குள், கால்மாட்டில் இருந்த கணவர் பேசினார். “எனக்குத் தெரியும்மா. பொண்ணு பாக்கப் போனன்னிக்கே கண்ணு விஷயத்தச் சொல்லிட்டா. கேட்டா நீ வேணாம்னுடுவியோன்னு, யார்கிட்டயும் மூச்சு விடாதன்னு சத்தியம் வாங்கினது நான்தான்.”

இத்தனை வருடம் எங்கே போயிருந்தது இந்த வாய்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகனைத் திரும்பியும் பார்க்காமல் மாமியார் உடலருகே போனார். முந்தானையால் மருமகள் முகத்தைத் துடைத்து, “நீயாச்சும் சொல்லியிருக்கலாமேடி” என்று உடைந்து அழுதார்.

சென்று வாருங்கள், தனலட்சுமி. நீங்கள் எதையும் மறைத்துக் கட்டிக்கொண்டு வரவில்லை. உங்கள் மகளிடம் இனி எவராவது அந்தக் கேள்வியோடு வரட்டும்; பதில் சொல்ல அந்த மனிதரை நம்பி இருக்க மாட்டேன், நானே போய் நிற்பேன்.